ஒற்றைக் கதவுத் தொட்டில்

அந்தப் பையைத் தோளில் மாட்டியதும் எனக்குப் பகீர் என்றது. மூட்டு தேய்ந்துபோனவள் முதுகில் ஏற்றுகிற சுமையா இது? வாசல் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கட்டிலில் இறக்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டார். தராசைப் பார்த்ததும் அவர் முகமும் சுருங்கிப்போனது.

"ஏ புள்ள, ஏழு கிலோ காட்டுது."

"ஏழு கிலோவா! உள்ள அரிசியக் கொட்டித் தச்சீகளா என்ன?"

பைக்குள் இருந்தது தொட்டில். கடைக்காரன் அதை ஹேமக் என்பான். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, அதற்குள் படுத்துத் தூங்குவது. மேலே மழைக்கு ஒரு தார்ப்பாய், சுற்றிலும் கொசுவலை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, எங்கள் பழைய தையல் மெஷினில் அவரே தைத்தார். அவருக்கு சிவகாசியில் அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற வேலை. நான் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள்.

தீபாவளி முடிந்தால் கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் அவரும் அச்சகத்து ஆட்களும் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு மாந்தோப்புக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவார்கள். வண்டி போகாது, ஏறித்தான் ஆகவேண்டும். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். இந்த வருசம் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மருந்து வாடை இல்லாத காற்றில் ஒரு ராத்திரியாவது தூங்கி எழ வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. என் முழங்காலைப் பார்த்த டாக்டர், நடக்கலாம், ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் தூக்கினால் அப்புறம் என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டார். பை மூன்று கிலோவுக்கு இறங்காவிட்டால் வீட்டுக்காரர் மட்டும் போவார், நான் வீட்டில் கிடப்பேன்.

அத்தனை கனத்துக்கும் காரணம் நான்தான் என்று தெரிந்தபோது இன்னொரு அதிர்ச்சி. எங்கள் கம்பெனியில் நைலான் சேலை கட்டி வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நைலான் உரசினால் பொறி வரும், மருந்துக்கு அந்தப் பொறி போதும். பருத்தி கட்டிப் பழகிய உடம்பு இது. தொட்டில் தைக்க ஆரம்பித்த அன்றே, நைலான் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று சண்டை போட்டுவிட்டேன். அந்த மனுசனும் காடாத்துணியில் தைத்து, கிணற்றுக் கயிறு மாதிரி பருத்திக் கயிறு போட்டு வைத்திருந்தார். நான் கேட்டு வாங்கிய பருத்திதான் என் முதுகை அழுத்தியது.

"மலையில ஏது மருந்து? மாங்காயா வெடிக்கப்போகுது?" என்றார்.

என்ன செய்ய, சரி என்றேன். மெல்லிசான பாராசூட் நைலான் துணி வாங்கி வந்தார். அதைத் தொட்டபோது என் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

அதற்கப்புறம் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. இரும்புக் கொக்கியை எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டார். மரத்தில் சுற்றுகிற லாரி பெல்ட்டைக் கத்தரித்தார். தார்ப்பாய் போய், அச்சகத்தில் பேப்பர் ரீலைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் தாள் வந்தது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், என் சீப்பு பாதியாக ஒடிந்து கிடக்கிறது. கொடியில் கிடந்த துண்டு பாதிதான் இருக்கிறது. அடப் பாவி மனுசா என்று வாயில் கை வைத்து நின்றுவிட்டேன்.

"நாளைக்கு என் சடையையும் வெட்டுவீகளோ?"

"நனைஞ்சா அதுவும் கனந்தான்" என்றார், சிரிக்காமல்.

இவ்வளவு செய்தும் தராசு மூன்றுக்குக் கீழே வரமாட்டேன் என்றது. கொஞ்சம்தான் கூடுதல். டாக்டர் என்ன தராசோடா வரப்போகிறார் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் தொட்டிலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். காலையில் தராசு மூன்றைக் காட்டியது. எதை எடுத்தீக என்று நான் கேட்கவில்லை. என் ஆசை அப்படி.

புறப்படுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்குப் பின்னால் புளியமரத்துக்கும் வேம்புக்கும் நடுவே கட்டினார். உள்ளே ஏறிப் படுத்தேன். அவர் கொசுவலையை இழுத்து ஜிப்பைப் போட்டுவிட்டார். ஆகா, என்ன சுகம்! முதுகுக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. பிறந்த வீட்டில்கூட என்னை யாரும் இப்படித் தாலாட்டியதில்லை என்றேன். அவர் கயிற்றைப் பிடித்து மெல்ல ஆட்டினார். கண் சொருகிக்கொண்டு வந்தது.

டமார் என்றது.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைப்பது வழக்கம்தான். முதலில் சங்கு ஊதும், அப்புறம் வெடிக்கும். சங்கு கேட்ட பிறகு வருகிற சத்தத்துக்கு எங்கள் ஊரில் கைப்பிள்ளைகூட அழாது. அன்றைக்குக் காற்று எதிர்த்திசையில் அடித்தது போல, சங்கு எங்கள் காதில் விழவில்லை. சங்கு இல்லாமல் சத்தம் வந்தால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ பட்டாசு ரூம் வெடித்திருக்கிறது.

நான் யோசிக்கவில்லை, உடம்புதான் ஓடப் பார்த்தது. கம்பெனியில் எங்கள் ரூமுக்கு நாலு பக்கமும் கதவு, ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கை எட்டுகிற தூரத்தில் கதவு இருக்கிற மாதிரிதான் உட்காருவோம். வழியில் செருப்பைக்கூடப் போட மாட்டோம். எனக்கு எப்போதும் இடது பக்கக் கதவு. அதனால்தான் தொட்டிலுக்கும் இரண்டு பக்கம் ஜிப் வைக்கச் சொல்லியிருந்தேன். இடது கை ஜிப்பைத் தேடியது. ஜிப் இல்லை. தடவத் தடவ வெறும் தையல். நான் புரண்ட புரளலில் தொட்டில் குப்புறக் கவிழ்ந்து, சாக்கில் போட்ட கோழி மாதிரி வலைக்குள் தொங்கினேன்.

"ஏங்க! ஏங்க!"

பதில் இல்லை. வலையைப் பல்லால் கடித்து, விரலை விட்டுக் கிழித்து, தலைகீழாக மண்ணில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் மரத்தடியில் அவர் செருப்பு மட்டும் கிடக்கிறது. அவர் கண்மாய்க் கரை மேல் நிற்கிறார், கைலியைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

ஓடியிருக்கிறார். என்னை உள்ளே வைத்து ஜிப்பைப் போட்டவர், கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தவர், என்னை விட்டுவிட்டு அம்புட்டுத் தூரம் ஓடியிருக்கிறார்! நான் நின்ற இடத்தில் அப்படியே நின்றேன். ஆலங்குளம் பக்கம் வெள்ளையாகப் புழுதி எழுந்து அடங்கியது. கல்லுக்கு வைத்த வெடி என்று அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது.

அவர் மெதுவாகத் திரும்பி வந்தார். நாக்கு நுனியில் எத்தனையோ வசவு நின்றது.

"நல்லா இருக்கீகளா? ஓடுனதுல மூச்சு வாங்குதா? பொண்டாட்டி உள்ள கெடக்காங்கிற நெனப்புக்கூட இல்லையா உங்களுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீதானே புள்ள ஓடச் சொன்ன" என்றார்.

சொன்னவள் நான்தான். எங்கள் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்து கேட்டில் நின்றிருந்தார். பக்கத்துக் கம்பெனியில் ஒரு சத்தம். எல்லாரும் வெளியே ஓடிவர, இந்த மனுசன் என்னைத் தேடி உள்ளே ஓடினார். நல்லவேளை, எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் தெருவுக்கே கேட்டது. ரெண்டு பேரும் போயிட்டா இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கா? இனிமே சத்தம் கேட்டா என்னைத் தேடக் கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது, ஓடணும். இப்படிச் சொல்லி, பிள்ளை தலையில் கை வைக்கச் செய்து சத்தியம் வாங்கிய பிறகுதான் அடங்கினேன். அவர் அதை மறக்கவில்லை. மறந்தவள் நான்.

அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கிழிந்த வலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இடது பக்கம், ஜிப் இருந்த இடத்துத் தையலில் விரலை வைத்தார்.

"இந்த ஜிப்புதான் கனமா இருந்துச்சு. எப்படியாச்சும் உன்னையக் கூட்டிட்டுப் போகணும்னு எடுத்துட்டேன்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நானும் அழுதேன். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஓடியதற்கா, நான் ஓடச் சொன்னதற்கா, இந்தப் பிழைப்புக்கா?

அன்றைக்கே வலையை ஒட்டுப்போட்டு, ஜிப்பை மறுபடியும் வைத்துத் தைத்தார். தராசு மூன்றைத் தாண்டியது. என் மழைத் தாளையும் கயிற்றையும் எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்காமல் விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"இன்னொருக்கா சத்தம் கேட்டா என்ன செய்வீக?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஓடுவேன்."

எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. வேறு என்ன சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ.

"நீயும் ஓடணும்" என்றார். "அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் வச்சிருக்கேன்."

தொட்டிலை என் மடியில் போட்டார். நான் இடது பக்கத்து ஜிப்பை இழுத்துப் பார்த்தேன், வலது பக்கத்தையும் இழுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் மெழுகு தேய்த்து வைத்திருந்தார். தொட்டதும் திறந்தன.