அண்ணன் கேட்காமல் விட்ட கேள்வி

சுருளிச்சாமி அண்ணன் இறந்த செய்தி போனில் வந்தபோது, கூடலூர் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். "எப்படி?" என்றேன். எதற்கெடுத்தாலும் அப்படிக் கேட்பவர் அவர்தான். கூட்டாளியான எனக்கும் தொற்றிவிட்டது. மாரடைப்பாம்.

அவரோடு ஒரே ஒரு டீ குடித்தவர்களுக்குக்கூட அந்த விமானக் கதை தெரிந்திருக்கும். வடக்கே சரக்கு பேசிவிட்டு இருவரும் திரும்பினோம். மலைக்கு அந்தப் பக்கம், விமானம் இறங்கும் ஊரில் பேய்மழை. இறங்கிய விமானம் நிற்காமல் ஓடுதளத்தைத் தாண்டிச் சேற்றில் முட்டியது. உள்ளே புகை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்கச் சொல்லிப் பணிப்பெண் கத்தினார். அண்ணனோ மேலே கையை நீட்டி, ஏலக்காய் மாதிரி வைத்திருந்த பையை இழுத்தார். வாங்குபவர் கையெழுத்திட்டு ஒட்டிக்கொடுத்த மாதிரிக் காய் அது; அனுப்பும் சரக்கை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். அது தொலைந்தால் எங்கள் தொழிலில் சொன்ன சொல் நிற்காது. பை சிக்கிக்கொண்டது, வழி அடைபட்டது. பின்னால் நின்ற ஒரு டீச்சரம்மா புகையில் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், மூச்சுதான் பழையபடி ஆகவில்லை.

அடுத்த மழைக்கே அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு தேவாரம் சாலையில் பிரேக் போட்டுப் போட்டுப் பார்த்தார். நனைந்த கோழி மாதிரி வந்து நின்று, "டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி பாய் விரிச்சிருதுப்பா. பைலட்டு என்ன செய்வாரு, பாவம்!" என்றார். பிறகு கம்பம் பஸ்ஸில் மேலேயிருந்து பை இறக்குகிறவர்களைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். "பதினோரு செகண்டுப்பா. அந்தம்மா மூச்சு அதுலதான் கெட்டுப்போச்சு" என்றார். வருடந்தோறும் நல்ல ஏலக்காயாகப் பொறுக்கி எடுத்துப் போய் டீச்சரம்மாவைப் பார்த்து வருவார். என்னையும் கூப்பிடுவார். எனக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

அவர் சொன்ன கதையில் ஒரு வரி மட்டும் கிடையாது. முதலில் பையை மறந்து வாசலை நோக்கி இரண்டடி வைத்துவிட்டவர் அவர். "அண்ணே, பை!" என்று கத்தியவன் நான். அது அவர் காதில் விழுந்ததா என்று கேட்க இத்தனை வருடத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் மதினி அந்தப் பையை என் கையில் கொடுத்தார்.

"நீங்க சத்தம் போட்டத அன்னைக்கே சொன்னாக தம்பி. 'அவன்கிட்ட மட்டும் இதக் கேட்டுறாத, தாங்க மாட்டான்'னாக."

ஊரையே கேள்வியால் துளைத்தவர் என்னை மட்டும் கேட்கவில்லை. அழுதேன்.

பை இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் அதில்தான் டீச்சரம்மாவுக்குக் காய் கொண்டுபோகிறேன். கத்தியது யார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பேன்.