கண்ணாடியோடு ஒரு படம்

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூட்டோடு ரோட்டோரம் ஃபிளெக்ஸ் ஏறிவிட வேண்டும். அதற்காகப் பரீட்சைக்கு முன்னாலேயே, நல்ல மார்க் வாங்கக்கூடிய பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எடுப்பவள் நான். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இன்னும் வாங்காத மார்க்குக்கு இப்போதே சிரி என்று சொல்வது எவ்வளவு அதிகப்பிரசங்கித்தனம்! ஆனாலும் சொல்வேன், பாவம், அவர்களும் சிரிப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே கோட்டுதான். ஒல்லிப் பிள்ளையென்றால் முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவேன். முன்னால் பார்த்தால் கலெக்டர், பின்னால் பார்த்தால் துணி காயும் கொடி.

கண்ணாடி போட்ட பிள்ளைகள் வந்தால்தான் தலைவலி. லைட் பட்டுக் கண்ணே தெரியாமல் வெளுத்துவிடும். கழற்றச் சொல்லிவிடுவேன். மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்களுக்காக, கண்ணாடி பதிக்காத வெறும் ஃபிரேம் ஒன்றும் பையில் கிடக்கும்.

போன தை மாதம் அப்படி ஒரு பள்ளியில் படம் எடுக்கும்போது வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. சோடாபுட்டிக் கண்ணாடி. கழற்றச் சொல்லி எடுத்தேன், பார்வை என் தோளுக்கு மேல் எங்கோ போயிற்று. மறுபடி எடுத்தால் காதுப் பக்கம் போகிறது. வெறும் ஃபிரேமை மாட்டினேன், அதே கதை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். லென்ஸைப் பார்க்க என்ன கேடு என்று கேட்டுவிட்டேன்.

“உங்க சத்தம் வார பக்கந்தானுங்க்கா பாக்கறேன். வேற ஒண்ணுந் தெரியலீங்க.”

 அப்படியானால் நான் உனக்கு எப்படித் தெரிகிறேன் என்று கேட்டேன். கேமரா கறுப்பாய் ஒரு திட்டு, நான் மஞ்சளாய் ஒரு திட்டு என்றாள். அன்று நான் மஞ்சள் சுடிதார். எனக்கு விஷயம் பிடிபட்டது. ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். மூக்கும் வாயும் கரைந்துபோய் ஒரு மாவு உருண்டை நின்றது. இதைப் பார்த்தா இந்தப் பிள்ளை சிரிக்க வேண்டும்?

பிறகு அவளுடைய கண்ணாடியையே மாட்டி, காம்பைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கிவிட்டு, லைட்டை உயர்த்தி வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளைக் கூட்டிவந்த விடுதி வார்டனம்மா வாட்சைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். விடட்டும். கண்ணாடியில் பளபளப்பு போயிற்று. அவள் என்னை நேராகப் பார்த்தாள், கேட்காமலே சிரித்தாள்.

கோட்டைக் கழற்றும்போது மெதுவாக ஒரு சேதி சொன்னாள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டிருக்கிறார்களாம். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். கண்ணாடி போடாத படமாய் ஒன்று எடுத்து வை என்று அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். இவளுக்கோ காலேஜுக்குப் போக வேண்டும்.

“அம்மா கேட்டா கண்ணாடியோட இருக்கறதையே குடுங்க்கா. அவிய வேண்டாம்னு சொல்லிருவாங்க.”

பெற்றவர்கள் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை பிரிண்டுகளோடு போனேன். கண்ணாடி இல்லாததை ஒளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு வரவில்லை. அவள் அம்மா டிபன் கேரியரைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத படத்தை எடுத்தார். வெகு நேரம் பார்த்தார்.

“ஏனுங்க, இதுல புள்ள யாரப் பாக்குது?”

யாரையும் இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் முகமே அவளுக்குத் தெரியாது என்று நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் விசேஷம் என்றால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்வது அவர்தானாம்.

“அப்ப நோம்பி நாள்ல எல்லாம், எம்பட முகங்கூடத் தெரியாமயா எம்புள்ள நின்னுட்டிருந்துச்சு?”

 அந்தம்மா, கண்ணாடி போட்ட படத்தை எடுத்துக்கொண்டு, மற்றதை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். எடுத்த படத்தைக் கொண்டுபோய் யாரிடம் காட்டப்போகிறார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்காமல் விட்டேன். பங்குனி, சித்திரை முழுக்க அந்த யோசனைதான்.

ரிசல்ட் அன்று ரோட்டோர ஃபிளெக்ஸில் ஓர் ஓரத்தில் கண்ணாடியோடு அவள் இருந்தாள். சாயங்காலம் போன் வந்தது. படத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டுடியோ சீலில் நம்பரைப் பார்த்து அவள் அம்மாதான் கூப்பிட்டார். படம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கோ? யாருக்கு என்று கேட்டேன்.

“காலேஜுக்குங்க. சின்ன சைசுல போட்டு வைங்க, நாளைக்கு வாரேன்” என்றவர், போனை வைக்கப் போய் மறுபடி சொன்னார். “கண்ணாடியோடதானுங்க.”