படிகம் என்று எழுதினேன்

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எண்பதுகளின் நடுவில் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் எம்.ஃபில். வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு அமினோ அமிலங்களை இணைத்து, ஒரு முனையில் கொழுப்பு வால் ஒன்றை ஒட்டவைத்துப் புதிய சேர்மம் செய்வது என் வேலை. செய்ததை வெந்நீரில் கரைத்து ஆறவைக்க வேண்டும். படிகம், எங்கள் பேச்சில் கிரிஸ்டல், விழுந்தால் அது சுத்தம்; விழாவிட்டால் அசுத்தம். அங்கே அதுதான் வேதவாக்கு.

எனக்குப் படிகம் விழவில்லை. காலையில் வந்து பார்த்தால் குடுவைத் தண்ணீர் முழுவதும் நுங்கு போல உறைந்து கிடந்தது. கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே போட்டதோ ஒரு சிட்டிகைப் பொடி! சூடாக்கினால் தண்ணீராகும், ஆறினால் மறுபடி உறையும். யாரும் கோக்காமலே மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நூலாகி, வலையாகி, அவ்வளவு தண்ணீரையும் கட்டிப்போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷத்தில் குடுவையைத் தலைகீழாகப் பிடித்தபடியே என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், எங்கள் கைடின் அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னாம்மா இது, கோந்து காய்ச்சி எடுத்தாந்திருக்க?”

“இல்ல சார், தானா உறையுது. சுத்தமாத்தான் இருக்கு.”

“சுத்தமா இருந்தா கிரிஸ்டலா வந்திருக்கும். நீ ஏனம் கழுவுற லட்சணம் அப்படி. சிங்க்குல ஊத்திட்டு வா.”

ஊற்றினேன். மறுபடி செய்து ஐந்து முறை சுத்திகரித்தேன். சுத்தம் கூடக் கூட அந்த நுங்கு உறைவு, அதாவது ஜெல், இறுகியதே தவிர இளகவில்லை. அழுக்கால் உறைந்தது என்றால், அழுக்கு போகப் போக நீர்த்துப் போக வேண்டாமா? அவ்வளவு படித்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். பார்க்கத்தான் மனசில்லை. இதே குடுவையை ஓர் ஆண்பிள்ளை கொண்டு போயிருந்தால் பாத்திரம் கழுவுகிற பேச்சு வந்திருக்குமா?

ஆய்வேட்டை டைப் அடிக்கக் கொடுக்கும் நேரம் வந்தது. “வெள்ளை ஊசி கிரிஸ்டல்னு எழுது. காய்ஞ்ச பொடிக்கு உருகுநிலை பார்த்துப் போட்டுடு. இல்லன்னா கையெழுத்து கிடையாது” என்றார். அப்பா வேலை செய்த மில்லில் அப்போது கதவடைப்பு. எனக்கு வேலை வேண்டும். எழுதினேன். ஜெல் என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பட்டம் வந்தது, பள்ளியில் டீச்சர் வேலையும் வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் வீராம்பட்டினம் பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். அதே கைடிடம் சேர்ந்தவள். கையில் என் ஆய்வேடு. ஊசி கிரிஸ்டல் என்று நான் எழுதிய பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள்.

“அக்கா, நீங்க எழுதின மாதிரியேதான் செய்யறேன். உங்களுக்கு ஊசியா வந்தது எனக்கு மட்டும் கொழகொழன்னு உறைஞ்சு போவுது. எட்டு தடவ ஊத்திட்டேன். என் கை சுத்தமில்லன்னு சார் திட்டறாரு. படிப்பையே நிறுத்திடலாமான்னு இருக்கு.”

அந்த மனிதர்மேல் நான் வளர்த்துவைத்திருந்த கோபத்தில் ஒரு வார்த்தைகூட அப்போது எனக்கு உதவவில்லை.

“உன் கை சுத்தம்தாம்மா. நான்தான் பொய் எழுதிட்டேன்” என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. ஆய்வேட்டை மூடி என் மேசைமேல் வைத்தாள்.

“அவரு சொன்னத நான் நம்பலக்கா. நீங்க எழுதியிருந்தீங்க, அதனாலதான் நம்பினேன்” என்றாள்.