சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரித்த பலகை

நாற்சந்தியில் காற்றின் நிலவரம் சொல்ல ஒரு மின்பலகை உண்டு. காற்று நன்றாக இருந்தால் பச்சை முகம் சிரிக்கும். கெட்டுப்போனால் சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கும். அந்த முகங்களை மாட்டிய மின்பணியாளரை ஊரே மூஞ்சிக்காரர் என்றது. அவருடைய சொந்த மூஞ்சி எப்போதும் பல்வலிக்காரர் மூஞ்சிதான்.

தூசிக்கு ஒரு முகம், புகைக்கு ஒரு முகம் ஏற்கெனவே இருந்தன. இந்தக் கோடையில் காற்றை அளக்கும் அலுவலகத்தில் ஓசோனுக்கும் ஒன்று மாட்டச் சொன்னார்கள். ஏணி உச்சியில் நின்றவர் கொஞ்சம் யோசித்தார். ஓசோன் பூமிக்குக் குடை, அதில் ஓட்டை விழுந்தால் ஆபத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாரே. குடை பெருசா இருந்தா நல்லதுதானே? ஓசோன் கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்று ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார். யாரையும் கேட்கவில்லை, கேட்டுச் செய்ய அவர் என்ன நேற்று வேலைக்குச் சேர்ந்தவரா? அலுவலகத்திலும் யாரும் பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை. அவர்களுக்குத்தான் கணினியில் எண் வருகிறதே.

அண்ணாந்து பார்த்தது ஒரே ஒரு ஆள், அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு. காற்று நன்றாக இருக்கும்போது மட்டும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டு ஜன்னலில் நின்றால் பலகை தெரியும். காலையில் ஓசோன் முகம் அழுது வடியும். அவள் செருப்பைத் தொட மாட்டாள். மேகம் கவிந்தாலும் அழுகைதான். இலைகூட அசையாமல் வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் பலகைக்கு வாயெல்லாம் பல். உடனே பூங்காவுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு மத்தியானம் பூங்கா பெஞ்சிலிருந்து போன் வந்தது.

"ஏங்க, உங்க போர்டு சிரிக்குது. எனக்கு மூச்சு வாங்குது. ரெண்டுல எது பொய்?"

அடித்துப் பிடித்து ஓடினார். உறிஞ்சும் மருந்தைக் கொடுத்து, கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார். அப்படியே அலுவலகத்துக்குப் போய் மேற்பார்வையாளர் அம்மாவின் முன்னால் நின்றார்.

"மேடம், ஓசோன் மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"இல்லையே. இன்னிக்கு எகிறிக் கிடக்கு. சிவப்பு காட்டுதா?"

"பச்சை... ஓசோன் குடைதானே மேடம்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "குடை மேல இருக்கு, ரொம்ப ரொம்ப மேல. மூக்குக்கிட்ட இருந்தா அது நெஞ்சை அறுக்கும். வண்டிப் புகையும் பெட்ரோல், பெயின்ட் ஆவியும் சேர்ந்து வெயில்ல வெந்து வர்றது அது. காத்தும் அசையலேன்னா சட்டிக்கு மூடி போட்ட கதை. மேகம் வந்தா அடுப்பு அணைஞ்சுடும்."

"காலையில வண்டி நெரியுதே, அப்ப ஏன் கம்மியா இருக்கு?"

"வெயில் அடுப்பு இன்னும் பத்திக்கலையே. அதுவுமில்லாம, சுடச்சுட வர்ற புகை பக்கத்துல இருக்கற ஓசோனைத் தின்னுடும். அதான் பல நாள் ரோட்டைவிட பூங்காவுல ஜாஸ்தி."

மூஞ்சிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டின மனைவியைத் தானே சிரித்துச் சிரித்து அனுப்பியிருக்கிறார், அதுவும் பூங்காவுக்கு.

ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒயரை மாற்றினார். பலகை உடனே உதட்டைப் பிதுக்கியது. வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் சாய்ந்திருந்தவளிடம் விஷயத்தை மென்று விழுங்கினார்.

"நீங்க சிரிச்சா எதையோ உடைச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள், மூச்சுக்கு நடுவில். "நீங்க மாட்டின போர்டு சிரிச்சப்ப எனக்கு எங்க போச்சு புத்தி?"

சில நாள் கழித்து வானம் மூடி, காற்று வீசித் தூறல் போட்டது. பலகையில் மூன்று முகமும் சிரித்தன. அவள் அதை ஒரு தரம் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பல்வலி மூஞ்சி மாறவில்லை. நம்பலாம் என்று செருப்பை மாட்டினாள்.

கூடவே அவரும் குடையோடு ஓடினார். பதற்றத்தில் குடை அவள் மூக்கில் இடித்தது.

"மேல பிடிங்க" என்றாள். "இன்னுமா புரியல உங்களுக்கு?"