கடலைப் பொட்டலத்தில் அம்மை நோட்டீஸ்

ஐம்பதுகளில், அம்மை குத்திக்கொள்ளச் சொல்லும் நோட்டீஸை இலுப்பூர்ச் சந்தையில் கொடுப்பது என் வேலை. பலர் வாங்கியதும் வீசிவிடுவார்கள். கடலை விற்கும் ஓர் அம்மாள் மட்டும் வாராவாரம் கற்றையாகக் கேட்டு வாங்குவார். எனக்குச் சந்தேகம். ஒருநாள் ஒளிந்து நின்று பார்த்தேன். நினைத்தபடியே அதில் கடலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கார் நோட்டீஸ்லயா யாவாரம் பண்றே?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவர் பதறவில்லை. "நீங்க குடுத்தா வீசிட்டுப் போறாங்க. கடலையோட போனா வீட்டுல பிள்ளைக படிச்சுக் காட்டுமுல்லங்க? எம் மகள அம்மையில பறிகுடுத்தவ நான்."

அடுத்த வாரம் அம்மை குத்திக்கொள்ள வந்த பலரின் கையில் கசங்கிய நோட்டீஸ் இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "இன்னைக்கு நோட்டீஸ் கொண்டாந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஒளிந்து நின்ற நேரத்தில் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.