கடைசி இரண்டடி

கோல்ஃபில் ஜெயிக்கத் தெரிந்தவர்கள் ஓசூரில் பலர் உண்டு. அளவாகத் தோற்கத் தெரிந்தவர் என்று பார்த்தால் மெஹபூப் பாஷாதான். பத்து ஷாட் வித்தியாசத்தில் தோற்பது எளிது. அது எதிராளிக்கும் சலிப்பு. கடைசிக் குழிவரை இழுத்துக்கொண்டு போய், ஜெயித்தவர் தன் திறமையால்தான் ஜெயித்தோம் என்று நம்பும்படி ஒரே ஒரு ஷாட்டில் தோற்பதற்கு, ஜெயிப்பவரைவிட நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும். பாஷாவுக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு அறுபத்தொரு வயது. ஜூஜுவாடியில் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருந்தார். அப்பா கிருஷ்ணகிரி மண்டிக்கு மாம்பழப் பெட்டி அடித்துக் கொடுத்தவர். மகன் மரத்தைவிட்டு அட்டைக்கு வந்தார்; மாம்பழத்தைவிட்டு பிரேக் பாகங்களுக்கு வந்தார். பதினெட்டு வருடங்களுக்கு முன், அவரிடம் பெட்டி வாங்கும் பெரிய கம்பெனி ஒன்றின் பர்ச்சேஸ் அதிகாரி ராஜ்குமார், "சனிக்கிழமை காலைல சும்மாதான இருக்கீங்க பாய்? தளி ரோட்டுக்கு வாங்க, கோல்ஃப் ஆடலாம்" என்று கூப்பிட்டார். பாஷாவுக்கு மட்டையின் எந்த முனையைப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் பெட்டி வாங்குகிறவர் கூப்பிட்டால் போகத் தெரியும். ஷெட்டுக்குப் பின்னால், கழித்துப்போட்ட அட்டைக் கட்டுகளைச் சுவர்போல அடுக்கி, ஒரு வருடம் தினமும் ஒரு மணி நேரம் பந்தை அடித்தார். அந்த அட்டைச் சுவரை மூன்று முறை மாற்ற வேண்டி வந்தது.

கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. குழிக்கு ஓரடி, இரண்டடி தூரத்தில் எதிராளியின் பந்து கிடந்தால், அதை அவர் எப்படியும் உள்ளே தள்ளிவிடுவார் என்ற மரியாதையில், "போதும், எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடலாம். அவர் அடிக்காமலே பந்தைக் கையில் எடுத்துக்கொள்வார், அடித்ததாகவே கணக்கு. பாஷா அந்த வார்த்தையைப் பதினெட்டு வருடங்கள் சனிக்கிழமை தவறாமல் சொன்னார். "போதும் சார், எடுத்துக்கோங்க." சில நாள் மூன்றடிக்கும் சொன்னார். ராஜ்குமார் குனிந்து எடுத்துக்கொள்வார். பிறகு பாஷா தன் பந்தை அடிப்பார். அது குழியின் விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போகும். "சே, கொஞ்சத்துல போச்சு பாய்!" என்பார் ராஜ்குமார். பாஷா தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த வருடம் ஒரு புதன்கிழமை பாஷா தன் யூனிட்டை பெங்களூர்க்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே மகள் நபீலா கனடாவில் இருக்கிறாள். அட்டைப்பெட்டிக்காக அவள் திரும்பி வரப்போவதில்லை. வரவேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோது அத்திப்பள்ளிப் பக்கமிருந்து லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் எதற்கும் இனி அவரிடம் வேலை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போவதாக இருந்தது. நான்கு பேர், இரண்டு நாள் கோல்ஃப், கடலோர ரிசார்ட். மூன்று மாதத்துக்கு முன் போட்ட திட்டம். யூனிட்டை விற்றதை பாஷா நண்பர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"இனிமே எதுக்கு அவங்ககூட போறீங்க?" என்று கேட்டாள் மனைவி அதியா, பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே.

"என்ன கேள்வி இது? பிரெண்ட்ஸ்மா."

"பெட்டி வாங்கறவங்கள பிரெண்ட்ஸ்ங்கறீங்க. நம்ம நபீலா கல்யாணத்துக்கு வந்தாங்க, கவர குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. ஒரு வாய் பிரியாணி சாப்புட்டாங்களா?"

"அன்னிக்கு அவங்களுக்கு ஆடிட்."

"பதினெட்டு வருஷமாவா ஆடிட்?"

பாஷா இன்னொரு சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் போவதே அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான். பெட்டி இல்லாத பாஷாவை அவர்களுக்குத் தெரியுமா? அதைவிட, தனக்குத் தெரியுமா? இந்த இரண்டு நாளும் ஒழுங்காக ஆடுவது, யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, பிறகு விஷயத்தைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தார்.

மற்ற மூவரில் ராஜ்குமாரைச் சொல்லியாயிற்று. விஜயகுமார் இன்னொரு கம்பெனியின் பிளாண்ட் ஹெட். திருநெல்வேலிக்காரர், இருபது வருடம் ஓசூரில் இருந்தும் பேச்சு மாறாதவர். நான்காவது ஆள் தினேஷ்குமார். நாற்பதுக்குள் வயது, ராஜ்குமாரின் கம்பெனிக்கு, பெட்டிகளை அடுக்கி ஏற்றும் மரப்பலகைத் தட்டுகள் சப்ளை செய்கிறவன். இரண்டு வருடமாகத்தான் ஆடுகிறான்.

லங்காவியில் மைதானம் கடலுக்கும் காட்டுக்கும் நடுவே இருந்தது. புல்லின் மேல் உடும்புகள் யாரையும் லட்சியம் செய்யாமல் நடந்தன. சனிக்கிழமை காலை பாஷா தன் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல ராஜ்குமாரின் கோல்ஃப் வண்டியருகே போனார். அங்கே தினேஷ்குமாரின் பை ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. ராஜ்குமாரின் மட்டைகளை அவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாய், நீங்க விஜி சார்கூட வந்துடறீங்களா? சாருக்கு ஒரு தட்டு டிசைன் காட்டணும், அதான்."

"தாராளமா தம்பி" என்றார் பாஷா. அந்தத் துடைக்கும் விதத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஈரத்துணி முதலில், காய்ந்த துணி பிறகு. அவரும் அப்படித்தான் செய்வார்.

அன்று ஒழுங்காக ஆடத்தான் ஆடினார். பதினேழு குழிவரை அவரும் ராஜ்குமாரும் சமமாக வந்தார்கள். கடைசியான பதினெட்டாவதில் மூன்றடி. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பாஷா குழியைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தள்ளினார். பந்து விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போனது.

"சே, கொஞ்சத்துல போச்சு பாய்!" என்றார் ராஜ்குமார்.

பாஷா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோற்க நினைக்கவில்லை. கை தானாகத் தோற்றிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் விஜயகுமார் அவரைச் சீண்டினார். "என்ன பாய், நண்டப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருக்கீரு? அதுவா வந்து வாயில விழும்னு நெனச்சீராக்கும்?"

"பாய்க்கு தோத்த துக்கம் சார்" என்றான் தினேஷ்குமார்.

"பதினெட்டு வருசமா தோக்காரு, இன்னைக்குத்தான் துக்கமா வே?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஷாவும் சிரித்தார். பிறகு பேச்சு புதிய மாடல் வண்டி, ஷிஃப்ட் பிரச்சினை, யார் எந்தக் கம்பெனிக்கு மாறுகிறார் என்று போனது. அந்தப் பேச்சில் தான் எப்போதும் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பாஷாவுக்கு அன்று புரிந்தது. எங்கே புதிதாகப் பெட்டி தேவைப்படும் என்று மட்டுமே அவர் காது இத்தனை வருடமாகக் கேட்டுவந்திருக்கிறது. பெட்டியைக் கழித்துவிட்டால் அந்தப் பேச்சில் அவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ராஜ்குமாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியும்; தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்ப அது தெரிந்திருக்க வேண்டும். அவர் எதற்குப் பயப்படுவார் என்று தெரியாது.

ஞாயிறு விடியலில் பால்கனியில் தொழுதார். கடல் சத்தமில்லாமல் கிடந்தது. உள்ளே விஜயகுமார் குறட்டைவிட்டார்.

அன்றும் ஆட்டம் கடைசிக் குழிவரை சமமாக வந்தது. அதில் மட்டும் பழைய பழக்கம் மாறவில்லை. பதினெட்டாவதில் பாஷாவின் பந்து குழிக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. ராஜ்குமாரின் பந்து இரண்டடியில். தூரத்தில் இருப்பவர் முதலில் போடவேண்டும். பாஷா இந்த முறை குழியைப் பார்க்கவில்லை, ராஜ்குமாரைப் பார்க்கவில்லை, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அட்டைச் சுவரை நினைத்துக்கொண்டார். தள்ளினார். பந்து நேராக ஓடி உள்ளே விழுந்தது.

"யப்பா! பாய்க்கு இன்னைக்கு என்னவோ ஏறிருச்சு" என்றார் விஜயகுமார்.

ராஜ்குமாரும் சிரித்துக்கொண்டே தன் பந்தை எடுக்கக் குனிந்தார். இரண்டடிதானே. பாஷா "போதும்" என்றால் ஆட்டம் சமம். கைகுலுக்கிக்கொண்டு குளிக்கப் போகலாம். யாருக்கும் தோல்வியில்லாத முடிவு.

பாஷா பேசவில்லை.

பாதி குனிந்த ராஜ்குமார் நிமிர்ந்து பார்த்தார்.

"பாய், சொல்லுங்க" என்றான் தினேஷ்குமார் மெதுவாக.

"போடுங்க சார்" என்றார் பாஷா.

ராஜ்குமார் மட்டையைப் பிடித்துக்கொண்டு பந்தின்முன் நின்றார். நெடுநேரம் நின்றார். பாஷாவோடு ஆடிய ஆட்டங்களில் அவர் இரண்டடிப் பந்தைக் குழிக்குள் தள்ளியதே இல்லை. தள்ளவேண்டிய தேவையை பாஷா அவருக்கு வைக்கவில்லை. தோளை இறுக்கிக்கொண்டு தள்ளினார். பந்து குழியின் இடப்பக்கமாக ஓடி அந்தப் பக்கம் நின்றது.

யாரும் "கொஞ்சத்துல போச்சு" என்று சொல்லவில்லை. ராஜ்குமார் தொப்பியைக் கழற்றினார், கைகொடுத்தார், நடந்தார். தினேஷ்குமார் பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். பாஷா தன் முதல் வெற்றியோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மத்தியானம் பாஷா கடலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ராஜ்குமார் தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யூனிட்ட வித்துட்டீங்களா பாய்?"

பாஷா திடுக்கிட்டார். "யார் சார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்கதான் காலைல சொன்னீங்க. போடுங்க சார்னு."

பாஷா காலை மணலில் ஊன்றி அவர் பக்கம் திரும்பினார்.

"புதன்கிழமை முடிச்சேன் சார். உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"எனக்கு முதல் வருஷமே தெரியும் பாய், நீங்க விட்டுக் குடுக்கறது. பத்தடியில போடற ஆளு மூணடியில விடறான்னா? தினம் சரக்கு ரிஜெக்ஷன் ரிப்போர்ட் பாக்கறவன் நான். இதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சும் ஏன் சார் கேக்கல?"

"கேட்டுட்டா அடுத்த சனிக்கிழமை நீங்க எப்படி ஆடுவீங்க? ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது. வராமயே போயிடுவீங்க." ராஜ்குமார் மணலைக் காலால் தள்ளினார். "எனக்கும் அது பழகிப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன். இத்தனை வருஷமும் நான் ஒண்டியாத்தான் ஆடிட்டு இருந்தேன். எதுத்தாப்புல ஆளே இல்ல."

பாஷா தன் தனிமையைப் பற்றி மட்டுமே இதுவரை யோசித்திருந்தார். தன் பணிவு இன்னொருவரை வெறுமையில் நிறுத்தியிருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தார். எதற்கென்று சொல்லிக் கேட்பது? கடைசியில் வாயில் வந்தது வேறு.

"வர்ற சனிக்கிழமை ஆடிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வாங்க சார். மத்தியானம் சாப்பாடு. நீங்க மட்டும்."

"வர்றேன் பாய்" என்றார் ராஜ்குமார் உடனே. "கண்டிப்பா. ஒழுங்கா ஆடுவோம், வந்து சாப்புடுவோம். முதல்ல அந்த 'சார்'ங்கறத விடுங்க."

"பழகிப்போச்சு சார்."

ராஜ்குமார் அன்று மனம்விட்டுச் சிரித்தார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை அதியா இறைச்சியை ஊறவைத்துவிட்டு, நல்ல தட்டுகளைக் கழுவி எடுத்து வைத்தாள். பாஷா ஆறு மணிக்கே தளி ரோட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். வழக்கமாக ஆறரைக்குத்தான் ஆரம்பிப்பார்கள். வாட்ச்மேன் பெரியதம்பி, "சாரெல்லாம் அஞ்சே முக்காலுக்கே ஆட ஆரம்பிச்சுட்டாங்களே. இன்னும் ரெண்டு பேர் புதுசா வந்துருக்காங்க, ஏதோ கம்பெனி ஆளுங்க" என்றான்.

முதல் குழி அங்கிருந்தே தெரியும். மூடுபனிக்குள் நான்கு உருவங்கள் நின்றிருந்தன. குழியருகே ராஜ்குமார். காலை நேரத்தில் அந்த மைதானத்தில் குரல் தெளிவாகக் கேட்கும்.

"போதும் சார், எடுத்துக்கோங்க" என்றான் தினேஷ்குமார்.

ராஜ்குமார் நிமிர்ந்தார். தூரத்தில் நிற்கும் பாஷாவை அவர் பார்த்தார். பார்த்தார் என்று பாஷாவுக்குத் தெரியும். ஒரு கையை லேசாகத் தூக்கினார். பிறகு குனிந்து பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாவது குழிப்பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் பாஷாவின் போனுக்குச் செய்தி வந்தது. கஸ்டமர் வந்திருக்கிறார்கள், சாப்பாடு இன்னொரு நாள்.

பாஷாவுக்குக் கோபம் வரவில்லை. ராஜ்குமாரின் இடத்தில் இருந்தால் தானும் குனிந்திருப்போம் என்று தெரிந்தது. அதனால் ஆறுதல் ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

பயிற்சிப் புல்தரைக்குப் போய்க் குழியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பந்தை வைத்தார். போன் அடித்தது. அதியா.

"ஏங்க, அரிசி ஊறப்போடணும். எத்தன பேருக்குப் போடட்டும்?"

"நம்ம ரெண்டு பேருக்கு."

ஏன், எதற்கு என்று அதியா எப்போதும் கேட்பவள். "சீக்கிரம் வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனைப் பையில் போட்டுவிட்டு பாஷா பந்தின்முன் நின்றார். பார்ப்பதற்கு யாரும் இல்லை, எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அவர் மட்டையைச் சரியாகப் பிடித்து, அந்த இரண்டடியை அடித்தே முடித்தார். பிறகு பந்தை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.