தொல்லை தராத குழந்தை

எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் அறையைப் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். முப்பத்தொரு குழந்தைகள், இரண்டு ஜன்னல், ஒரு குழாய். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. கெட்டிக்காரத்தனத்தைவிட அவளிடம் பழக்கம்தான் அதிகம்.

மதியச் சாப்பாட்டுப் பந்தியும் அந்தப் பழக்கப்படிதான். கத்துகிறவர்கள், கிள்ளுகிறவர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், அடக்கமானவர்கள் சுவரோரம். கரண்டி கத்துகிறவர்களிடம் தொடங்கும். சுவரை எட்டும்போது பாத்திரத்தில் சோறு இருக்கும். பருப்பும் காயும் பேருக்குத்தான்.

சுவரோரம் கடைசியில் ஒரு மூன்றரை வயதுப் பெண். அழமாட்டாள், கேட்கமாட்டாள், ஓடமாட்டாள். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பம்பரம் அவளைக் காட்டி மற்றவர்களை அதட்டுவாள்.

மாதம் ஒருமுறை எடை பார்க்க வரும் நர்ஸ், அந்தப் பெண்ணைத் தராசிலிருந்து இறக்கிக் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மரக்கட்டைகளை முன்னால் வைத்தாள். குழந்தை இரண்டை அடுக்கியது. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டது.

"எப்பவும் இப்படித்தானா?"

"தங்கம்க்கா இது. தொல்லையே கிடையாது."

"தங்கமா? உடம்புல ரத்தமே இல்லடி. அடம் பிடிக்கக்கூடத் தெம்பில்ல. அதைப் போய் நல்ல குணம்னு மெச்சிட்டிருக்க. மூளை வளர்ற வயசு இது. வயிறு காஞ்சா பேச்சும் விளையாட்டும் பின்னால போயிடும்."

தகவல் போய், தாய் சட்டையில் ஒட்டிய நூலோடு ஆலையிலிருந்து ஓடிவந்தாள். "காலையிலயும் ராத்திரியும் டீயில பிஸ்கட் தொட்டுக் குடுக்கிறேன். மதியம் நீங்க பார்த்துப்பீங்கன்னுதானே அக்கா..."



மறுநாள் கரண்டி சுவரோரம் தொடங்கியது. முன்வரிசை கூரை அதிரக் கத்தியது. டீ நின்றது, சத்து மருந்தும் முட்டையும் வந்தன. பம்பரம் நாளுக்குப் பத்து முறை அந்தக் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் இதேபோல் எத்தனை பிள்ளைகளை மெச்சியிருப்பாள்? அவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். யாரைப் போய்க் கேட்பது?

ஏழாவது வாரம், முன்வரிசைப் பையன் ஒருவனின் அம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"அந்த ஊமைக்கோட்டான் என் பையன் முட்டையைப் பறிச்சிருக்கு! கடிச்சும் வச்சிருக்கு! நீங்க என்னதான் பார்க்கிறீங்க?"

"கடிச்சாளா? நிஜமாவா? எங்க காட்டுங்க."

பம்பரம் பையனின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாலு பல் தெளிவாகப் பதிந்திருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பையனுக்கு வேறு முட்டை கொடுத்தாள். அப்புறம் சுவரோரம் போய், பதினேழு வருடத்தில் முதல்முறையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

குழந்தை கையை நீட்டியது.

"கை நீட்டினது சரி. இனி வாயால கேளுடி" என்றாள், இன்னொரு முட்டையை உரித்துக்கொண்டே.